பிளஸ் டூ மார்க் ஷீட்டும் வெளிநாட்டு மிலிட்டரியும்

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில், எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். இந்தியத் தரைப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் காலை, மஞ்சள் பைக்குள் இருந்து ஒரு பிளஸ் டூ மார்க் ஷீட்டை எடுத்து என் மேசையில் வைத்தார். மகள் நர்ஸ் வேலைக்கு அமெரிக்கா போய், அந்த வழியில் குடும்பத்துக்கே கிரீன் கார்டு கிடைத்திருக்கிறது. பள்ளிப்படிப்பை இங்கேயே முடித்துவிட்டுப் போன பேரனுக்கு இப்போது இருபது வயது.

"அமெரிக்கா மிலிட்டரியில சேரணுங்கிறான் தம்பி. நம்ம ஊரு மார்க் ஷீட்டை அங்க ஒத்துக்குவாங்களா?"

வடஆற்காட்டுப் பக்கம் மிலிட்டரி ஆசை பரம்பரையாக வருவது. வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். அந்த ஆசை இப்போது கடல் தாண்டிப் போன பிள்ளைகளிடமும் தொற்றிக்கொண்டிருக்கிறது. பெரியவரின் கேள்வி நியாயமானது, ஆனால் அது இரண்டாவது கேள்வி. பையன் கையில் இருக்கும் குடியேற்றப் பத்திரம் எது என்பதுதான் முதல் கேள்வி. எந்த நாட்டுப் படையில் சேரலாம் என்பதைப் பெரும்பாலும் அந்தப் பத்திரமே தீர்மானித்துவிடுகிறது. மார்க் ஷீட் அதற்குப் பிறகுதான்.

அமெரிக்காவில் கிரீன் கார்டு உள்ளவர் படையில் சேரலாம். எச்-1பி வேலை விசா, அதைச் சார்ந்த எச்-4, மாணவர் விசா ஆகியவற்றில் இருப்பவர் சேர முடியாது. ஐ.டி. வேலைக்குப் போய், கிரீன் கார்டு வரிசையில் வருடக்கணக்காகக் காத்திருக்கும் நம் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதனால் கதவு மூடியே இருக்கிறது. ஒரு காலத்தில் மாவ்னி என்றொரு திட்டம் இருந்தது. கிரீன் கார்டு இல்லாதவர்களையும் அவர்களுடைய மொழியறிவுக்காகச் சேர்த்துக்கொண்டார்கள், அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-லேயே அதில் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இன்னும் யாராவது அதைச் சொல்லி ஆசை காட்டினால் நம்ப வேண்டாம்.

பெரியவரின் பேரனுக்குக் கிரீன் கார்டு இருப்பதால் அடுத்து மார்க் ஷீட்டுக்கு வரலாம். அமெரிக்கப் படைகள் கல்வித் தகுதியை மூன்று படிகளாகப் பிரிக்கின்றன. உயர்நிலைப்பள்ளி முடித்தவர் முதல் படி, ஜி.இ.டி. என்ற மாற்றுத் தேர்வு எழுதியவர் இரண்டாம் படி, இரண்டும் இல்லாதவர் மூன்றாம் படி. முதல் படியில் இருப்பவருக்குத்தான் இடம் எளிதாகக் கிடைக்கும். நம்முடைய பத்தும் இரண்டும் பன்னிரண்டு ஆண்டு அவர்களுடைய பன்னிரண்டுக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் அதை நாம் சொன்னால் போதாது. நேசஸ் என்ற சங்கத்தில் உறுப்பினராக உள்ள மதிப்பீட்டு நிறுவனம் ஒன்று, இது அமெரிக்க உயர்நிலைப்பள்ளிப் படிப்புக்குச் சமம் என்று எழுதித் தர வேண்டும். நம் மார்க் ஷீட்டில் ஆங்கிலமும் இருப்பதால் மொழிபெயர்ப்புச் செலவு பெரும்பாலும் மிச்சம். பத்தாவது முடித்து நேராக பாலிடெக்னிக் போனவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். அந்த டிப்ளமோவை எப்படி எடைபோடுவது என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் முடிவு மாறலாம். அப்படி இழுத்தால் ஜி.இ.டி. எழுதிவிட்டு, சமுதாயக் கல்லூரியில் 15 கிரெடிட் அளவுக்குப் படித்தாலே முதல் படியில் சேர்த்துக்கொள்வார்கள். மதிப்பீட்டோடு மல்லுக்கட்டி மாதங்களைத் தொலைப்பதைவிட, ஆங்கிலமும் கூடவே தேறும் இந்த வழி எனக்கு மேலாகத் தோன்றுகிறது. ஏனென்றால் ஆஸ்வாப் என்ற நுழைவுத் தேர்வில் மார்க் ஷீட் உதவாது. தரைப்படைக்கு வழக்கமான குறைந்தபட்ச மதிப்பெண் 31, ஆனால் மதிப்பெண் கூடக் கூடத்தான் நல்ல பிரிவு கிடைக்கும்.

குடியுரிமை வராதவரை ரகசியக் காப்பு அனுமதி தேவைப்படும் பிரிவுகளும் அதிகாரி பதவியும் கிடைக்காது. ஆனால் குடியுரிமையே இந்த வழியில் சீக்கிரம் வரும். சாதாரணக் காலத்தில் ஓராண்டு நல்ல சேவை போதும். 2001 செப்டம்பர் 11 முதல் போர்க்கால விதி நடப்பில் இருப்பதால் அதற்கும் முன்பே விண்ணப்பிக்க வழி இருக்கிறது, கட்டணமும் கிடையாது. இன்னொன்று, படையில் சேருகிற எண்ணமே இல்லாத பையனும், கிரீன் கார்டோடு அங்கே வாழ்ந்தால் 18 முதல் 25 வயதுக்குள் செலக்டிவ் சர்வீஸ் பதிவில் இருந்தாக வேண்டும்.

கனடாவில் பி.ஆர். என்ற நிரந்தரக் குடியிருப்பு உரிமை உள்ளவர்களுக்குப் படை திறக்கப்பட்டது 2022 கடைசியில்தான். அதற்கு முன் சில விதிவிலக்குகள் தவிர குடிமக்கள் மட்டுமே. படிப்பைப் பொறுத்தவரை நான் பார்த்தவற்றில் மிகவும் தாராளமானது இதுதான். சிப்பாய் நிலைக்குப் பத்தாம் வகுப்பு போதும், வயது வரம்பும் மிக அகலமானது. பிளஸ் டூவில் தவறிப்போன பிள்ளைக்கும், யாழ்ப்பாணத்தில் சாதாரண தரத் தேர்வோடு படிப்பு நின்றுபோய் டொராண்டோ வந்து சேர்ந்தவருக்கும் இது பெரிய ஆறுதல். வெளிநாட்டுச் சான்றிதழுக்குச் சமநிலை மதிப்பீடு இங்கும் தேவை. தாமதம் பின்னணிச் சரிபார்ப்பில்தான் வருகிறது. வாழ்ந்த நாடுகள் எத்தனையோ அத்தனையிலும் விசாரிப்பார்கள். விண்ணப்பித்துவிட்டுக் கையிலுள்ள வேலையை விட்டுவிடக் கூடாது.

பிரிட்டன் மட்டும் ஒரு விதத்தில் வித்தியாசமானது. காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் என்பதால், அங்கே குடியேறாத இந்தியரும் விதிப்படி விண்ணப்பிக்கலாம். ஐந்தாண்டு அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2018-ல் தளர்த்தி, மூன்று படைகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 1,350 பேர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 1,350 இடத்துக்கு எத்தனை நாட்டு இளைஞர்கள் போட்டி போடுவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவ்வப்போது விண்ணப்பம் வாங்குவதையே நிறுத்திவைப்பதும் உண்டு. தேர்வுக்கு அழைத்தால் பயணச் செலவு நம்முடையது. பல சிப்பாய்ப் பிரிவுகளுக்குப் பள்ளிச் சான்றிதழே கேட்பதில்லை என்பது உண்மைதான். நான்கு ஆண்டு சேவைக்குப் பிறகு நிரந்தரமாகத் தங்கும் உரிமை கேட்கலாம். மனைவி மக்களைக் கூட்டிப்போகக் குறைந்தபட்ச வருமான விதி குறுக்கே நிற்கும். ஏற்கெனவே அங்கே இருப்பவர் முயலலாம். இங்கிருந்து நிலத்தை அடகு வைத்து முயல்வதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பிரான்ஸைப் பற்றி நம் பக்கத்தில் கூடுதலாகவே பேச்சு உண்டு. புதுச்சேரி நமக்குக் கூப்பிடு தூரம்தானே. அங்கே பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் சொல்தாக்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தினர். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களும் அவர்கள் வாரிசுகளும். வழக்கமான பிரெஞ்சுப் படைக்கு அந்தக் குடியுரிமை வேண்டும். இல்லாதவருக்கு இருப்பது அயல்நாட்டார் படையணி, பாரின் லீஜன் என்பார்கள். பதினேழரை முதல் முப்பத்தொன்பதரை வயது வரை எந்த நாட்டவரையும் எடுக்கிறார்கள், சான்றிதழ் கேட்பதில்லை. முதல் ஒப்பந்தம் ஐந்தாண்டு, மூன்றாண்டு கழித்துக் குடியுரிமை கேட்கலாம். ஆனால் அவர்கள் விசா எடுத்துத் தர மாட்டார்கள். செல்லும் பாஸ்போர்ட்டோடு நாமே பிரான்ஸ் மண்ணில் போய் அவர்கள் வாசலில் நிற்க வேண்டும். வருகிறவர்களில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மார்க் இல்லையே, இதிலாவது சேரலாம் என்று போகிற இடமல்ல அது.

சிங்கப்பூரில் தேர்வே நம் கையில் இல்லை. பெற்றோர் மூலம் பி.ஆர். வாங்கிய மகன் இரண்டாண்டு தேசிய சேவை செய்தாக வேண்டும். பையனுக்கும் சேர்த்து பி.ஆர். போடும்போதே இதை அவனிடம் பேசிவிட வேண்டும்.

மேலே சொன்ன எந்தப் பத்திரமும் இல்லாமல், "நான் சேர்த்துவிடுகிறேன்" என்று ஏஜென்ட் ஒருவர் வந்தால் அங்கேயே எழுந்துவிடுங்கள். ரஷ்யாவில் உதவியாளர் வேலை என்று அழைத்துப்போகப்பட்ட இந்திய இளைஞர்கள் உக்ரைன் போர்முனையில் நிறுத்தப்பட்டார்கள். 2024 மார்ச்சில் சி.பி.ஐ. வழக்குப் பதிந்து பல ஊர்களில் சோதனை போட்டது. 2025 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம் சொன்ன கணக்கு, ரஷ்யப் படையில் இருந்ததாகத் தெரிய வந்த இந்தியர் 126 பேர், அவர்களில் 12 பேர் இறந்துவிட்டார்கள், 16 பேர் எங்கே என்றே தெரியவில்லை. மொழி தெரியாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிள்ளைகள். நினைத்தாலே மனம் பதறுகிறது.

வேறொரு நாட்டில் இருந்து இங்கே வந்து நம் படையில் சேர நினைப்பவர்களும் உண்டு. துபாயில் சி.பி.எஸ்.இ. படித்த இந்தியப் பிள்ளைக்குச் சிக்கல் இல்லை. வெளிநாட்டுப் பாடத்திட்டத்தில் படித்திருந்தால் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் சமநிலைச் சான்று வாங்க வேண்டியிருக்கும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை மட்டும் உள்ளவர் சேர முடியாது. இலங்கையில் இருந்து வந்தவர்கள் கதை வேறு. நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தோடு இலங்கையில் இருந்து வந்த இந்திய வம்சாவளியினர், மத்திய அரசின் தகுதிச் சான்றோடு அதிகாரி தேர்வு எழுதலாம் என்று யு.பி.எஸ்.சி. அறிவிப்பில் ஒரு பிரிவு உண்டு. தாயகம் திரும்பிய மலையகக் குடும்பங்களுக்குப் பொருந்தும் அந்த வரி, மறுவாழ்வு முகாமில் பிறந்து தமிழ்நாட்டுப் பள்ளியிலேயே பிளஸ் டூ முடித்த ஈழத்துப் பிள்ளைக்குக் கைகொடுப்பதில்லை. சான்றிதழ் நம்முடையதாக இருந்தும் குடியுரிமை இல்லாததால் அந்தப் பிள்ளை வெளியே நிற்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

பெரியவரிடம் கடைசியாக ஒன்றைச் சொல்லத் தயங்கினேன். சொல்லாமல் விட்டால் பிழை என்பதால் சொன்னேன். வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும். மற்றவர்கள் ஓ.சி.ஐ. வாங்கி, விசா இல்லாமல் ஊருக்கு வந்து போகிறார்கள். வெளிநாட்டுப் படையில் பணியில் இருப்பவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் ஓ.சி.ஐ. கிடையாது என்பது நம் உள்துறை விதி. நாளைக்குப் பேரன் கார்த்திகை தீபத்துக்கு வர வேண்டுமென்றாலும் விசா எடுத்துத்தான் வர வேண்டும். பெரியவர் சற்று நேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவன்கிட்டயே சொல்லிடுங்க தம்பி, முடிவை அவனே எடுக்கட்டும்" என்றார்.

பையனுக்கு வாட்ஸ்அப்பில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, மார்க் ஷீட்டைக் கையில் எடுத்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்று கெட்டியாக லேமினேட் செய்து வைத்திருந்தார்கள். நம் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் சான்றிதழ் வெளிநாட்டில் செல்லுபடியாக வெளியுறவு அமைச்சகம் தரும் அப்போஸ்டில் முத்திரை தாளின் முதுகில் ஒட்டப்படுவது. பிளாஸ்டிக் மேல் ஒட்ட மாட்டார்கள், பிரித்தால் எழுத்தும் உரிந்துவரும். யாராவது முத்திரை கேட்டால் பள்ளி மூலம் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு எழுதி நகல் சான்றிதழ் வாங்க வேண்டியதுதான்.

அதைவிடப் பெரிய சிக்கல் பெயரில் இருந்தது. மார்க் ஷீட்டில் முன்னால் ஒரே ஒரு இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலி, பெயர் முழுக்க ஒரே கட்டத்தில். இப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் அந்தப் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எப்.என்.யூ. என்று போடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. மார்க் ஷீட்டில் ஒருவன், கிரீன் கார்டில் இன்னொருவன் என்று தெரிந்தால் விசாரணை அதிகாரி நிறுத்திக் கேட்காமல் இருப்பாரா? இரண்டும் ஒருவரே என்பதற்கு அரசிதழ் அறிவிப்போ உறுதிமொழிப் பத்திரமோ வேண்டியிருக்கும்.

இன்னும் விமானம் ஏறாத பிள்ளைகள் வீட்டில் இருந்தால், பத்தாவது, பிளஸ் டூ, டி.சி., பிறப்புச் சான்று, பாஸ்போர்ட் ஐந்தையும் ஒரே மேசையில் பரப்பி, பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இனிஷியலைப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரித்து எழுதிவிடுங்கள். லேமினேஷன் கடைப் பக்கம் மட்டும் போகாதீர்கள், ஒரு பிளாஸ்டிக் உறை போதும்.