குழாய் இணைப்பு

நீர்மூழ்கிக் கப்பலின் எந்திரங்களைக் குளிர்விக்கக் கடல்நீர் குழாய்களின் வழியே உள்ளே வருகின்றது. கப்பல் ஆழத்திற்குச் செல்லச் செல்ல, வெளிக்கடலின் அழுத்தம் முழுவதையும் அக்குழாய்கள் தாங்கவேண்டும். முன்னாளில் அவற்றின் இணைப்புகள் பலவற்றை வெள்ளி கலந்த பற்றாசினால் பொருத்தினர். உருகிய பற்றாசு இடுக்கெங்கும் பரவிற்றா என்பதைப் பொருத்தியவரும் கண்ணால் காண இயலாது.

'திரெஷர்' என்பது அமெரிக்கக் கடற்படையின் அணுவாற்றல் நீர்மூழ்கிக் கப்பல். போர்ட்ஸ்மத் கப்பல் கட்டுந்துறையில் அது பல மாதங்கள் பழுதுபார்க்கப்பட்டது. அப்போது 145 இணைப்புகளை மீயொலியால் ஆராய்ந்தனர். நூற்றுக்கு 14 வீதம் குறையுடையனவாய் இருந்தன. இது சிறிய எண்ணா? எனினும், எஞ்சியவற்றையும் ஆராய்ந்தால் கப்பல் புறப்படக் காலம் தாழுமென்று சோதனையை நிறுத்திவிட்டனர்.

1963 ஏப்ரல் 10ஆம் நாள், ஆழச் சோதனையின்போது அக்கப்பல் அட்லாண்டிக் கடலுள் அமிழ்ந்தது. அதிலிருந்த 129 பேரும் மாண்டனர். கப்பல் துறையிலிருந்து உடன் சென்ற தொழில்நுட்பப் பணியாளரும் அவருள் அடங்குவர். எந்திர அறையில் ஒரு குழாய் விட்டுப்போனதே தொடக்கமாகலாம் என விசாரணை மன்றம் கருதிற்று. வேறு கருத்துடையோரும் உளர்.

அவ்வாண்டிலேயே புதிய விதிகள் எழுந்தன. அவற்றின்படி, கடல்நீரைத் தாங்கும் பகுதி ஒவ்வொன்றும் எப்பொருளால் ஆயது, எவ்வாறு ஆராயப்பட்டது என்பதற்கு எழுத்துச் சான்று இருத்தல் வேண்டும். சான்று இல்லையேல் கப்பல் ஆழத்திற்குச் செல்ல இசைவு கிடையாது.