பீரோவில் இருக்கும் அமானிதம்



தந்தை வஃபாத்தான பின் பீரோவைத் திறந்தால், பத்திரங்களோடு அவருடைய கைத்துப்பாக்கியும் இருக்கிறது. "அத்தா ஞாபகமாக இருக்கட்டும், யாருக்குத் தெரியப் போகிறது?" என்று பூட்டி வைக்கலாமா?

கூடாது. உரிமம் அவர் பெயரில் இருந்தது. வாரிசுக்குத் தானாக வந்து சேராது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ அதை ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வைத்துக்கொள்ள விரும்பினால், 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்கலாம். மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம் பகுதியினர் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அத்தாவுக்கே உரிமம் இருந்ததில்லை என்றால், முதலில் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு, அவர் வழிகாட்டுதலோடு ஒப்படையுங்கள்.

இன்னொன்றை மறந்துவிடாதீர்கள். துப்பாக்கியும் வாரிசுச் சொத்துதான். அது மூத்த மகனுக்கு மட்டும் உரியதல்ல. அம்மாவுக்கும் சகோதரிகளுக்கும் அதில் பங்கு உண்டு. ஒருவர் எடுத்துக்கொண்டால் மதிப்புப் போட்டு மற்றவர் பங்கைக் கொடுக்கட்டும். வேண்டாமென்றால் முறைப்படி விற்றுப் பாகம் பிரியுங்கள். சகோதரி கூச்சத்தில் போட்ட கையெழுத்து மனப்பூர்வமான சம்மதம் ஆகாது.

சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டுவதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஷைத்தான் கையைத் தவறச் செய்துவிடுவான் என்று எச்சரித்தார்கள். அப்படியிருக்க, பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் அது எதற்கு?

அமானிதத்தை உரியவரிடம் சேர்க்கும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நமக்குத் தருவானாக! ஆமீன்.