பூனைக்கு வைக்கும் தண்ணீர்ப் பாத்திரம்

நம் மஹல்லாவில் பூனை வளர்க்கும் வீடுகள் நிறைய. அதன் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தினமும் கழுவுவது யார் என்று கேட்டால் பல வீடுகளில் பதில் வராது. "குறையக் குறைய ஊற்றி வைக்கிறோமே" என்பார்கள். ஊற்றுவது வேறு, கழுவுவது வேறு.

பூனை வாய் வைத்த தண்ணீர் நஜீஸ் அல்ல என்பது நாம் அறிந்ததே. ஒளுச் செய்ய வைத்த தண்ணீரைக் குடிக்கப் பூனை வந்தபோது அபூ கத்தாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்த செய்தி அபூதாவூத், திர்மிதீ இரண்டிலும் உண்டு. அதை வைத்துச் சிலர் கழுவவே தேவையில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே பேச்சு ஒளுவுக்கு ஆகுமா என்பது பற்றி. நாலு நாள் வராந்தாவில் கிடந்த தண்ணீரைப் பற்றி அல்ல.

இன்று பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று இருந்தால் அது கிருமிகள் சேர்ந்து கட்டிய படலம். எச்சிலும் உணவுத் துணுக்கும் அதற்குத் தீனி. அலசினால் போகாது, தேய்த்தால்தான் போகும். 2011-இல் அமெரிக்காவில் என்.எஸ்.எஃப். நிறுவனம் 22 குடும்பங்களின் வீடுகளில் சோதித்தபோது, கிருமி அதிகமுள்ள பொருள்களில் செல்லப்பிராணிகளின் பாத்திரம் நான்காவதாக வந்தது. முதலிடம் பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சுக்கு! ஆகவே பூனைப் பாத்திரத்துக்குத் தனி நார் வையுங்கள். தவழும் குழந்தை முதலில் போய்க் கை விடுவது அந்தப் பாத்திரத்தில்தான்.

போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படியும். அந்தச் சொரசொரப்பில் படலம் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். புளியோ எலுமிச்சைத் தோலோ போட்டுத் தேய்த்தால் விடும். பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்து அழுக்கு உள்ளே தங்கும் என்பதால் எவர்சில்வரே நல்லது.

கம்பெனி ஷிப்டுக்குப் போகிறவர்கள் பெரிய பேசினில் நிரப்பி வைத்துவிட்டு வாரக்கணக்கில் மறந்துவிடுகிறார்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அவ்வளவு தண்ணீர் தாராளம். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் அது முட்டையை ஒட்டி வைக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் பட்டால் பொரித்து, ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிவிடும். கொட்டினால் மட்டும் போதாது, விளிம்பு வரை தேய்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. சுத்தம் என்று பினாயிலோ டெட்டாலோ ஊற்றாதீர்கள். அந்த வகை மருந்தை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு, அதற்கு அது விஷம். சோப்பு போட்டுத் தேய்த்து, வாசனை போகும்வரை அலசி, வெயிலில் காயவைத்தால் போதும்.

மொட்டை மாடியில் குருவிக்கு வைக்கும் சட்டிக்கும் இதே கணக்குதான்.