தூரத்தைக் குறையுங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 43. லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கோவாவில் நடக்கும், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த அயர்ன்மேன் 70.3 போட்டிக்குப் பெயர் கொடுத்து ஏழு மாதமாகப் பயிற்சி செய்கிறேன். இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. போன மாதம் வைரல் காய்ச்சலில் எட்டு நாள் போய்விட்டது. அதை இந்த வாரத்துக்குள் ஈடுகட்டிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. கூட சைக்கிள் ஓட்டுகிறவர்களோ, "இது டேப்பர் நேரம், அதாவது போட்டிக்கு முன்னாடி பயிற்சியைக் குறைக்கிற நேரம், பேசாம படுத்துத் தூங்குங்க" என்கிறார்கள். இரண்டு நாள் அப்படியே இருந்து பார்த்தேன். கால் லேசாகும் என்று பார்த்தால் கல்லாகக் கனக்கிறது. இதுவரை இல்லாத ஒரு வலி இடது முழங்காலில் வேறு தலைகாட்டுகிறது. "உங்களோட வீட்ல இருக்க முடியல, பட்டறைக்காவது கிளம்புங்க" என்கிறாள் மனைவி. நான் என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகர், கோவை

பதில்: கடிதம் வந்த அன்றே உங்களுக்குப் போனில் சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். இதே தவிப்பு பலருக்கும் இருக்கும் என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாக.

முதலில் அந்த எட்டு நாள். அது போனது போனதுதான். ஒரு கடினமான பயிற்சியின் பலன் உடம்பில் சேர ஏறக்குறைய பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். அதன் களைப்பு மட்டும் மறுநாளே வந்துவிடும். நாளைக்கு சிறுவாணி ரோட்டில் 100 கிலோமீட்டர் மிதித்தீர்கள் என்றால், பலன் கோவாவிலிருந்து வீடு திரும்பிய பிறகு கிடைக்கும். களைப்பு கோவாவுக்குக் கூடவே வரும்.

எங்கள் ஊரில் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே வயலில் தண்ணீரை வடித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் ஒரு மூலையில் பயிர் இளைத்திருக்கிறதே என்று யாராவது யூரியா மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவார்களா? கதிர் பெருக்காது. பயிர்தான் சாயும். நீங்கள் இப்போது கையில் யூரியா மூட்டையோடு வரப்பில் நிற்கிறீர்கள்.

காய்ச்சலால் ஓய்வெடுத்தது நஷ்டம் என்று நினைக்கிறவர்களுக்கு எமில் சாட்டோபெக் கதையைச் சொல்வது வழக்கம். செக்கோஸ்லோவாக்கியாவின் ஓட்டக்காரர். வெறித்தனமாகப் பயிற்சி செய்வதற்குப் பேர்போனவர். 1950-இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்புக்குக் கொஞ்ச நாள் முன்பு உணவு ஒத்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அங்கிருந்து எழுந்து போய் 10,000 மீட்டர், 5,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். பயிற்சியாளர்கள் இந்தக் கட்டாய ஓய்வின் பலனுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். இதைப் படித்துவிட்டுக் கெட்டுப்போன பிரியாணி தேடிப் போக வேண்டாம். விஷயம் என்னவென்றால், அத்தனை மாத உழைப்பும் அவர் உடம்பில் ஏற்கெனவே இருந்தது. களைப்பு அதை மூடிக்கொண்டிருந்தது.

ஆனால், 'படுத்துத் தூங்குங்க' என்ற யோசனையும் பாதிதான் சரி. நம் ஊரில் டேப்பர் என்றால் முழு லீவு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இதைப் பற்றிய ஆராய்ச்சிகளை எல்லாம் திரட்டி, பொஸ்கே, முஹிகா முதலானவர்கள் 2007-இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். அவர்கள் கண்டது இது: சுமார் இரண்டு வாரத்தில் பயிற்சியின் மொத்த அளவை 41 முதல் 60 சதவீதம் வரை படிப்படியாகக் குறைக்க வேண்டும். பயிற்சியின் தீவிரத்தில் கை வைக்கக் கூடாது. வாரத்துக்கு எத்தனை முறை என்பதையும் பெரிதாகக் குறைக்க வேண்டியதில்லை. இப்படிச் செய்தால் கிடைக்கிற முன்னேற்றம் பெரும்பாலும் இரண்டு, மூன்று சதவீதம். கேட்கச் சின்னதாக இருக்கும். ஏழு மணி நேரப் பந்தயத்தில் அது எட்டு முதல் பன்னிரண்டு நிமிஷம்.

முழுக்க நிறுத்தினால் என்ன ஆகும்? ரத்தத்தின் நீர்ப்பகுதி சில நாளிலேயே குறையத் தொடங்கும். தசைகள் மந்தமாகும். இரண்டு நாள் சும்மா இருந்ததும் கால் கல்லாகக் கனத்தது இதனால்தான். உங்களுக்குத் திராணி போய்விட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

ஆகவே வரும் வார இறுதியில் 60 கிலோமீட்டர் சைக்கிள், அதில் 20 நிமிஷம் மட்டும் பந்தய வேகம். இறங்கியதும் ஷூவை மாற்றிக்கொண்டு 15 நிமிஷம் ஓட்டம். அத்தோடு நீளமானதெல்லாம் முடிந்தது. திங்கள் ஓய்வு. செவ்வாய் நீச்சல் 1,200 மீட்டர், நடுவில் ஆறு தடவை 50 மீட்டர் விறுவிறுவென்று. புதன் 50 நிமிஷம் சைக்கிள், அதற்குள் பந்தய வேகத்தில் மூன்று நிமிஷமாக நான்கு முறை. வியாழன் அரை மணி ஓட்டம், கடைசியில் இருபது விநாடிப் பாய்ச்சல் நான்கு. ஒவ்வொரு முறையும் 'இன்னும் கொஞ்சம் செய்யலாமே' என்று தோன்றும்போது நிறுத்த வேண்டும். வெள்ளி பயணம். சனி காலை கடலில் பத்துப் பதினைந்து நிமிஷம், கியர் சரியாக விழுகிறதா என்று பார்க்க அரை மணி சைக்கிள், அவ்வளவுதான்.

மூன்றில் ஓட்டத்தைத்தான் அதிகம் வெட்ட வேண்டும். தரையில் மோதி மோதித் தசை இழைகள் சிதைவது அதில்தான். நீச்சலை அதிகம் வெட்டாதீர்கள். நாலு நாள் தண்ணீருக்குப் போகவில்லை என்றால் கைக்குத் தண்ணீர் பிடிபடாமல் போய்விடும்.

நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். என் முதல் பந்தயத்துக்கு நான்கு நாள் முன்பு, 'சும்மா கால் ஆட்டிவிட்டு வரலாம்' என்று விடியற்காலை ஈசிஆரில் கிளம்பினேன். முட்டுக்காடு பாலம் வரைக்கும் சும்மாதான் போனேன். அங்கே பின்னாலிருந்து இரண்டு பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். மாமல்லபுரத்தில் டீ குடிக்கும்போது மூன்று பேரும் நண்பர்களாகி இருந்தோம். திரும்பும்போது எதிர்க்காற்று. வீடு வந்து சேரும்போது 90 கிலோமீட்டர். பந்தயத்தன்று சைக்கிளை விட்டு இறங்கி ஓடத் தொடங்கியதும் தொடை இரண்டும் ஈரச் சாக்கு மாதிரி தொங்கின. அந்த இருவரும் போட்டிக்கே பெயர் கொடுக்காதவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

முழங்கால் வலிக்கு வருவோம். டேப்பர் நாட்களில் இப்படி ஒரு வலி முளைப்பது சகஜம். வழக்கமாக வேறு களைப்பில் கவனத்துக்கே வராத சின்னச் சின்ன நோவெல்லாம் இப்போது மைக் பிடித்துப் பேசும். மாடிப்படி ஏறி இறங்கிப் பாருங்கள். வலி இன்றைக்கு முழங்கால், நாளைக்குக் கெண்டைக்கால் என்று இடம் மாறினாலோ, பத்து நிமிஷம் ஓடியதும் மறைந்தாலோ விட்டுவிடலாம். விரல் வைத்துக் காட்டும்படி ஒரே புள்ளியில் நிற்கிறது, வீக்கம் இருக்கிறது, நடையே மாறுகிறது என்றால் டாக்டரிடம் போங்கள். நீங்களாக மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போட்டுக்கொண்டு பந்தயத்தில் இறங்காதீர்கள். வெயிலில், உடம்பில் தண்ணீர் குறையும் நேரத்தில், அவை சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். காய்ச்சலுக்குப் பிறகு படபடப்போ வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்போ இருந்தாலும் டாக்டரைப் பார்க்காமல் ரயில் ஏற வேண்டாம்.

கோவாவுக்கென்று இரண்டு விஷயம். பந்தயம் 2019-இல் தொடங்கியதிலிருந்தே 1.9 கிலோமீட்டர் நீச்சலுக்கு பணஜியின் மிராமார் கடற்கரைதான். நீச்சல் குளத்தில் மட்டுமே பழகியவர் என்றால், சனிக்கிழமை கடலில் இறங்குவதை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். உப்புத் தண்ணீர் உடம்பைத் தூக்கிக் கொடுக்கும் என்பதும், தலையைத் தூக்கிப் பார்த்தால்தான் திசை தெரியும் என்பதும் முதல் தடவையாகப் பந்தயத்தன்று தெரியக் கூடாது. இன்னொன்று புழுக்கம். கோவைக் காற்றுக்குப் பழகிய உடம்புக்கு அது அடி. விடிகாலை ஐந்து மணிக்குச் செய்வதில் இரண்டு மூன்றை ஒன்பது மணிக்குத் தள்ளுங்கள். பயிற்சி நேரம்தான் குறைந்துவிட்டதே, உடம்பு வெயிலைத் தாங்கும்.

பட்டறைக்குத் தாராளமாகப் போங்கள். ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். சிமெண்ட் தரையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு ஓய்வெடுத்தேன் என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: டேப்பரில் ஒரே வாரத்தில் 1.2 கிலோ ஏறிவிட்டேன். என் எடை 55 கிலோ. சோற்றைக் குறைக்கட்டுமா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: குறைக்காதீர்கள், அது கொழுப்பு இல்லை. தசையில் ஒரு கிராம் கிளைக்கோஜன் (உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து) சேர்ந்தால் கூடவே சுமார் மூன்று கிராம் தண்ணீரும் தங்கும். 300 கிராம் கூடுதலாகச் சேர்ந்தால் 900 கிராம் தண்ணீர். உங்கள் 1.2 கிலோ கணக்கு நேராகிவிட்டதா? இது பந்தயத்தில் எரிக்க வேண்டிய சரக்கு. எடை மெஷினைப் பரணில் போடுங்கள்.

போட்டிக்கு முந்தைய ஒன்றரை, இரண்டு நாளில், நாள் ஒன்றுக்கு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 8 முதல் 10 கிராம் மாவுச்சத்து வேண்டும். உங்களுக்குக் குறைந்தது 440 கிராம். ஒரு கப் சாதத்தில் சுமார் 45 கிராம்தான் இருக்கும். சோறாகவே சாப்பிட்டால் பத்து கப், யாராலும் முடியாது. இட்லி, ரசம் சாதம், வாழைப்பழம், பழச்சாறு, வெல்லம் போட்ட அவல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சுண்டல், கீரை, முளைகட்டிய பயறு எல்லாம் நல்லவைதான், இந்த இரண்டு நாள் மட்டும் வேண்டாம். வயிறு பந்தயத்தில் பழிவாங்கும். வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்து ரத்தத்தில் உப்பை நீர்க்கவிடுவதும் ஆபத்து. தாகத்துக்குக் குடியுங்கள், மோரில் உப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: போட்டிக்கு முதல் நாள் இரவு எனக்குத் தூக்கமே வராது. மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். மூன்றரைக்கு அலாரம் வைத்தவர் யாரும் அன்று தூங்குவதில்லை. அந்த ஓர் இரவு போனால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. வியாழன், வெள்ளி இரவுகளில் எட்டு மணி நேரம் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, சும்மா கண்ணை மூடிப் படுத்திருங்கள். டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்க நடுராத்திரி எழுந்திருக்காதீர்கள். அதைக் காலையில் எப்படியும் மூன்று தடவை பார்க்கத்தான் போகிறீர்கள்.