மலை ஏறுமுன் தோட்டத்தைக் கேளுங்கள்

நுவரெலியா மாவட்டத்தில் ஒரு சிகரத்தில் ஏற வேண்டுமென்றால் பெரும்பாலும் முதலில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் நுழைய வேண்டும். கிரேட் வெஸ்டர்ன் மலைக்குப் போகும் பாதை தேயிலைக்குள்ளேதான் கிளம்புகிறது. சிவனொளிபாதமலைக்கு மஸ்கெலியா, நல்லதண்ணி வழியாகப் போகும் வீதியின் இரு பக்கமும் தேயிலைதான். வார இறுதியில் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வரும் இளைஞர்கள் நல்ல சப்பாத்து, நல்ல பை, சிலர் ட்ரோன்கூடக் கொண்டுவருகிறார்கள். அவர்கள் பார்த்துவிட்டு வந்த காணொளியில் குளவி இருந்திருக்காது. மூடுபனி அழகாக மட்டும் தெரிந்திருக்கும். கீழே இருப்பவை தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சிறுவயதிலேயே தெரிந்த சங்கதிகள்.

செய்ய வேண்டியவை

கேட்டுவிட்டு ஏறுங்கள். தோட்டப் பாதை பொதுவீதி கிடையாது. தோட்டக் காரியாலயத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அது பூட்டியிருந்தால் மலையில் நிற்கும் கங்காணியிடமோ, கொழுந்து எடுக்கும் அக்காமாரிடமோ கேளுங்கள். "எப்படிப் போறது?" என்று மட்டும் கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். கேட்க வேண்டியது இது: "அக்கா, மேல குளவிக் கூடு இருக்கா? ராத்திரி மழை பேஞ்சுச்சா? பாதை எங்கயாவது சரிஞ்சு கிடக்கா?" இந்த மூன்றுக்கும் கிடைக்கும் பதிலை எந்த வரைபடமும் தராது. "அங்கிட்டுப் போவாதீங்க தம்பி" என்று யாராவது சொன்னால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

இருட்டோடு கிளம்புங்கள், வெளிச்சத்தோடு இறங்குங்கள். ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற செங்குத்து விளிம்பைப் பார்க்க நினைப்பவர் காலை ஒன்பது மணிக்குள் அங்கே நிற்க வேண்டும். அதன்பின் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறிவிடும். வெறும் வெள்ளையைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து நாடு என்பதால் நமக்கு அந்தி நீளாது. ஆறரை மணிக்கெல்லாம் கண் தெரியாது. உச்சி எட்டினாலும் எட்டாவிட்டாலும் பகல் ஒரு மணிக்குத் திரும்புவது என்று கீழே நிற்கும்போதே எல்லோருமாக முடிவு செய்துகொள்ளுங்கள். மேலே போனபின் அந்தப் பேச்சு எடுபடாது.

பருவம் பாருங்கள். ஹட்டன், மஸ்கெலியா, நோர்ட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை அடிக்கும். ஊவாப் பக்கச் சரிவுகளுக்கு வடகீழ் மழை. ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை பொதுவாக ஏறுவதற்கு நல்ல காலம். ஏப்ரலில் பிற்பகல் இடிமின்னல் தொடங்கிவிடும். இங்கே மழைக்குப் பயப்படுவது நனைவதற்காக மட்டும் இல்லை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மழையைக் குடித்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும். இந்த மலைகளின் பெரும்பகுதி மிகப் பழமையான, இறுகிய நைஸ் பாறை. தண்ணீர் எளிதில் உள்ளே இறங்காது. பாறைக்கு மேலே உள்ள மண்ணில் ஊறி ஊறிப் பாரமேறும், ஒரு கட்டத்தில் மண் மொத்தமாக வழுக்கிவிடும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களை மூடியது இப்படிச் சரிந்த மண்தான். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலின்போது மலையகத்தில் எத்தனையோ இடங்கள் சரிந்தன. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், அம்பர், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. அங்கே குடியிருப்பவர்களை வெளியேறச் சொல்வது சிவப்பு. சுற்றிப்பார்க்க வருபவருக்கு மஞ்சளே போதும், பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பாதையில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரங்கள், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று, இவற்றில் எதைக் கண்டாலும் அதற்கு மேல் ஓர் அடி வைக்க வேண்டாம்.

அட்டைக்குத் தயாராக வாருங்கள். மழை விட்ட மறுநாள் புல்லில் ஒவ்வொரு நுனியிலும் ஒன்று எழுந்து நின்று ஆடிக்கொண்டிருக்கும். நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, காலுறைமேல் ஈரமான சவர்க்காரத்தை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காமல் நகத்தால் அதன் வாயோரம் நெம்பித் தள்ளுங்கள். நெருப்பு வைத்துச் சுட்டால் அது குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிட்டு விழும். இரத்தத்தை உறையவிடாத பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் கொஞ்ச நேரம் ஒழுகத்தான் செய்யும். கழுவி, துணியால் அழுத்திக் கட்டினால் போதும். அட்டை கடித்துச் செத்தவர் இல்லை. அட்டைக்குப் பயந்து துள்ளிக் குதித்துக் கணுக்கால் பிசகியவர் நிறையப் பேர்.

ஜேர்சி, காது மூடும் தொப்பி, மழை அங்கி. ஆயிரம் மீற்றருக்கு ஆறு பாகைக்கு மேல் வெப்பம் குறையும். கொழும்பில் 30 பாகை என்றால் 2243 மீற்றர் உயரமான சிவனொளிபாத உச்சியில் ஏறத்தாழ 15. விடியற்காலையில் அதிலும் குறைவு, காற்று வேறு. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தே கருகிப்போகும்.

சிவனொளிபாதமலைக்குப் பருவ காலத்தில் வாருங்கள். டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் போயா வரை வழிநெடுக விளக்கு, தேநீர்க் கடை, துணைக்கு ஆயிரம் பேர். நல்லதண்ணிப் பாதையில் சுமார் 5500 படிகள். ஏறும்போது மூச்சு வாங்கும்; முழங்கால் தெரிவது இறங்கும்போதுதான், அதற்கென்று கொஞ்சம் பலத்தை மிச்சம் வையுங்கள். இந்துவுக்குச் சிவன் பாதம், பௌத்தருக்குப் புத்தர் பாதம், முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் ஆதாமின் சுவடு. வயதான அம்மாமார் கைத்தடியோடு ஏறும் பாதையில் ஸ்பீக்கரில் பாட்டு வைத்துக்கொண்டு போவது அழகில்லை. கூட்டம் பிடிக்காதென்று ஜூலையில் இரவில் ஏறுகிறவர்களும் உண்டு. விளக்கு இல்லை, கடை இல்லை, விழுந்தால் தூக்க ஆளில்லை. என்னைக் கேட்டால், கூட்டமே மேல்.

செய்யக்கூடாதவை

குளவிக் கூட்டோடு விளையாடாதீர்கள். மலையகத்தில் சிறுத்தையைவிட, பாம்பைவிட, எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் குளவிக் கொட்டுக்கு ஆளாகி ஆஸ்பத்திரிக்குப் போன செய்தி அடிக்கடி வருகிறது. உயிரை விட்டவர்களும் உண்டு. நாம் குளவி என்று பொதுவாகச் சொல்வதில் பாறை இடுக்கிலும் உயர்ந்த மரத்திலும் அடை கட்டும் மலைத்தேனீயும் அடக்கம். கழுகு வந்து கூட்டில் மோதினாலே கலைந்துவிடும் அவற்றுக்கு, ஒரு கல்லெறி, புகை, கூச்சல், தலைக்கு மேல் பறக்கும் ட்ரோன் எதுவும் போதும். வாசனைத் திரவியத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கலைந்துவிட்டால் கையை வீசி அடிக்காதீர்கள். ஒன்றை நசுக்கினால் அந்த வாடைக்குப் பத்து வரும். ஜேர்சியையோ பையையோ தலையிலும் முகத்திலும் போட்டு மூடிக்கொண்டு, நிற்காமல் விலகி ஓடுங்கள். அடர்ந்த புதரோ மூடிய கட்டிடமோ கிடைத்தால் உள்ளே போய்விடுங்கள். ஓடைத் தண்ணீரில் மூழ்கினால் தலை தூக்கும்வரை மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். தேனீயின் கொடுக்கு தோலில் தங்கி விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும், உடனே நகத்தால் சுரண்டி எடுங்கள். உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ, அல்லது நிறையக் கொட்டியிருந்தாலோ சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்காராமல் நேரே ஆஸ்பத்திரிக்கு.

விளிம்பில் பின்னால் நகராதீர்கள். உலக முடிவில் பள்ளம் சுமார் 870 மீற்றர். 2015 பெப்ரவரியில் தேனிலவுக்கு வந்திருந்த நெதர்லாந்துக்காரர் ஒருவர் மனைவியைப் படமெடுக்கப் பின்னோக்கி அடி வைத்து விழுந்தார். ஏறத்தாழ 40 மீற்றர் கீழே ஒரு மரம் தாங்கியதால் பிழைத்தார். இராணுவத்தினர் இறங்கி மீட்டு வந்தார்கள். எல்லோருக்கும் மரம் கிடைக்காது.

தண்டவாளத்தைக் குறுக்குவழியாக்காதீர்கள். வளைவும் சுரங்கமும் நிறைந்த பாதை இது. மழையும் மூடுபனியும் இருந்தால் ரயில் பக்கத்தில் வந்த பிறகுதான் சத்தமே கேட்கும்.

கொழுந்து எடுப்பவர்களை நிறுத்தி வைத்துப் படம் பிடிக்காதீர்கள். அவர்களுக்கு அது கிலோ கணக்கு வேலை. நிறுவை குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது பாதிச் சம்பளம்தான். "கொஞ்சம் சிரிங்க அக்கா" என்று நீங்கள் எடுத்துக்கொள்ளும் பத்து நிமிடம் அவர்கள் சம்பளத்திலிருந்து போகிறது. கேட்டு, அவர்கள் சரி என்றால், வேலை செய்தபடியே எடுங்கள். லயத்து வாசலில் காயும் துணியையும் குளிக்கும் பீலியையும் படமெடுப்பவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தேயிலை நிரைகளை முறித்துக்கொண்டு உள்ளே நுழையாதீர்கள், இலையைப் பறித்து வாயில் போடாதீர்கள். மருந்தடித்தது என்றைக்கு என்று உங்களுக்குத் தெரியாது. ஓடைத் தண்ணீரும் அப்படித்தான்.

நெருப்பு மூட்டாதீர்கள். வறட்சியில் பத்தனைப் புல் ஒரு சிகரெட் துண்டுக்கே பற்றிக்கொள்ளும். பொலித்தீனை ஹோர்ட்டன் சமவெளி வாசலிலேயே பையைத் திறந்து பார்த்து எடுத்துவிடுகிறார்கள், மற்ற மலைகளில் பார்க்க ஆளில்லை. அங்கே உங்கள் மனச்சாட்சிதான் வாசல். சமவெளியில் வாகனத்தருகே வந்து நிற்கும் மரைக்குத் தின்பண்டம் கொடுப்பது தடை. உணவோடு பிளாஸ்டிக்கும் அதன் வயிற்றுக்குள் போகிறது.

அந்திக்கு மேல் தேயிலைக்குள் தனியே அலையாதீர்கள். சிறுத்தைகள் இந்தத் தோட்டங்களில்தான் நடமாடுகின்றன. காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணிகளும் ஒற்றையடிப் பாதையோரம் இருக்கும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் அப்படியொரு கண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் செத்துப்போனது.

நாட்டின் மிக உயரமான மலையாயிற்றே என்று பீதுருதாலகாலவில் காட்டுவழியாக ஏறப் பார்க்காதீர்கள். 2524 மீற்றர் உச்சியில் ஒளிபரப்புக் கோபுரங்களும் பாதுகாப்பு வலயமும் இருக்கின்றன. அனுமதி பெற்று வாகனத்தில்தான் போக வேண்டும்.

நோர்ட்டன் பிரிட்ஜ் அருகே ஏழு கன்னியர் மலையில் ஏறுபவர்கள் அங்கே எது கிடந்தாலும் நினைவுப் பொருளென்று எடுத்து வராதீர்கள். 1974 டிசம்பர் 4 இரவு இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களுடன் வந்த விமானம் மோதி 191 பேரும் இறந்த மலை அது.

கடைசியாக ஒன்று. அடிபட்டால் அழைக்க வேண்டிய இலவச அம்புலன்ஸ் இலக்கம் 1990. சிக்னல் எங்கே கிடைக்கும் என்பதை ஏறும்போதே பார்த்து வையுங்கள். "ஒரு மலையில் நிற்கிறோம், சுற்றிலும் தேயிலை" என்றால் யாராலும் வந்து சேர முடியாது. தோட்டத்தில் ஒவ்வொரு தேயிலை மலைக்கும் நம்பர் இருக்கிறது. தோட்டத்தின் பெயர், டிவிசன், மலை நம்பர், இந்த மூன்றையும் கீழே கேட்டு எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏறுங்கள்.