முழங்கால் நோவும் உடற்பயிற்சியும்

முழங்கால் நோகிறதென்று நடப்பதையே நிறுத்திவிடுவோர் நம்மிடையே பலர். மூட்டிலுள்ள குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. அசையும்போதுதான் மூட்டுத் திரவத்திலிருந்து அது ஊட்டம் பெறுகிறது. அசையாத கால் விறைக்கும், தொடைத் தசையும் மெலியும்.

கதிரையில் நிமிர்ந்திருந்து ஒரு காலை மெல்ல நீட்டி, ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை, மூச்சை அடக்காமல்.

எடை கூடிய முதியோரிடம் அமெரிக்காவில் நடந்து 2005இல் வெளியான ஆய்வின்படி, 1 கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறத்தாழ 4 கிலோ சுமை குறைகிறது. கணக்காளனாகிய நான் இப்படியொரு வட்டியைக் கண்டதில்லை!

பயிற்சியின்போது சிறிது நோகலாம். மறுநாளும் நோவு கூடியிருந்தால் அளவைக் குறையுங்கள். மூட்டு வீங்கினால், சுட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். கோயிலில் நிலத்தில் இருந்தெழும்பக் கஷ்டப்படும் அம்மாமார் கதிரை கேட்க வெட்கப்பட வேண்டாம்.