ஓடும் ரயிலில் இராச் சாப்பாடு

இரவு ரயிலில் வெளியூர் போகும்போது நாம் என்ன செய்கிறோம்? அம்மா கட்டிக் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்து, மிளகாய்ப்பொடி தடவிய இட்லியையோ புளியோதரையையோ சாப்பிட்டுவிட்டு, கை கழுவிப் படுத்துவிடுகிறோம். அமெரிக்க நாட்டு இரவு ரயில்களில் சாப்பாட்டிற்கென்றே ஒரு தனிப் பெட்டி இருந்தது. வெள்ளை விரிப்பிட்ட மேசைகள், பளபளக்கும் முட்கரண்டிகள், ஜன்னலோரம் பூச்சாடி, அந்தப் பெட்டியிலேயே அடுப்பு மூட்டிச் சமைத்த சூடான உணவு! அதன் வரலாற்றைப் படித்தபோது அங்கே தொங்கிய ஒரு திரைச்சீலை என் மனத்தில் தங்கிவிட்டது. அதைப் பற்றிச் சொல்லுமுன் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ரயில் வந்த புதிதில் அங்கேயும் ஓடும் வண்டியில் உணவு கிடையாது. ஏதேனும் ஒரு நிலையத்தில் வண்டி சுமார் 20 நிமிடம் நிற்கும். பயணிகள் இறங்கி ஓடுவார்கள். காசை முதலிலேயே வாங்கிக்கொள்வார்கள்; தட்டு வந்து சேருமுன் எஞ்சின் ஊதிவிடும்! இந்தத் தொல்லையைக் கண்ட ஃப்ரெட் ஹார்வி என்பவர் 1876ஆம் ஆண்டு கான்சஸ் மாநிலத்து டொபீகா நிலையத்தில் நல்லதொரு உணவகம் திறந்தார். அது பெருகிப் பல நிலையங்களுக்கும் பரவியது. 1883 முதல் பரிமாறுவதற்கு இளம்பெண்களை நியமித்தார். 18 முதல் 30 வயதுக்குள் இருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும் என்று பத்திரிகைகளில் விளம்பரம் செய்தார். அவர்களை விடுதியில் தங்கவைத்து, இரவில் இத்தனை மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று சட்டமும் போட்டார். (நம் விடுதி மாணவியருக்கு இது புதிதாக இராது.)

ஆனால் சாப்பிடுவதற்காக வண்டியை நிறுத்திக்கொண்டே போனால் ஊர் போய்ச் சேருவது எப்போது? படுக்கை வசதிப் பெட்டிகளால் பெயர் பெற்ற ஜார்ஜ் புல்மன் 1867இல் சமையலறையுடன் கூடிய படுக்கைப் பெட்டி ஒன்றை ஓடவிட்டார். அடுத்த ஆண்டே முழுவதும் உணவிற்கான பெட்டி ஒன்றைச் செய்தார். நியூயார்க் நகரின் புகழ்பெற்ற உணவகத்தின் பெயரையே அதற்கும் வைத்து 'டெல்மோனிகோ' என்று அழைத்தார்.

அந்தப் பெட்டி நடந்த விதம் வியப்பானது. ஒரு முனையில் சமையலறை. மற்றப் பகுதியில் நான்கு பேர் அமரும் மேசைகள். சமையலறையின் பக்கமாக ஒடுங்கிய ஒரு நடைவழி செல்லும். கரி அடுப்பின் அனலில், வண்டி வளைவில் சாயும்போதெல்லாம் தாமும் சாய்ந்து நின்று, தலைமைச் சமையற்காரரும் உதவியாளர்களும் இறைச்சி வாட்டுவார்கள், ரொட்டி சுடுவார்கள். மாலையில் பணியாளர் ஒருவர் சிறு மணித்தட்டை ஒலித்தபடி பெட்டி பெட்டியாக நடந்து, "இரவு உணவுக்கு முதல் அழைப்பு!" என்று கூறுவார். இடம் போதாததால் இரண்டு மூன்று பந்திகளாக உண்பது வழக்கம். வேண்டியதைப் பயணியே சீட்டில் பென்சிலால் எழுதித் தர வேண்டும். வாயால் சொன்னால் பணியாளர் ஏற்கக் கூடாது என்பது விதி. பந்திகள் முடிந்ததும், பல வண்டிகளில், ஏதாவதொரு சந்திப்பு நிலையத்தில் உணவுப் பெட்டியைக் கழற்றி விடுவார்கள். தூங்குகிற பயணிகளுக்காக அதை இரவெல்லாம் இழுப்பது வீண் அல்லவா? காலையில் வேறொரு உணவுப் பெட்டி வந்து சேரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

உணவால் ரயில் கம்பெனிகளுக்கு லாபம் வரவில்லை. பெரும்பாலும் நஷ்டமே! ஆயினும் நல்ல சாப்பாடு நல்ல விளம்பரம் என்று ஒன்றோடொன்று போட்டியிட்டன. நார்தர்ன் பசிபிக் என்ற கம்பெனியின் பெருமை ஓர் உருளைக்கிழங்கு! வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா பள்ளத்தாக்கில் விளைந்த கிழங்குகள் மிகப் பெரியவையாக இருந்ததால் வாங்குவாரின்றிப் பன்றிகளுக்குப் போட்டனர். அதைக் கேள்வியுற்ற அக்கம்பெனியின் உணவு அதிகாரி, அவற்றைப் பதமாகச் சுட்டு, வெண்ணெய் வைத்து 1909 முதல் பரிமாறச் செய்தார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 பவுண்டு எடை. ஒரு கிழங்கைத் தின்றாலே வயிறு நிறைந்துவிடும் என்று நினைக்கிறேன்.

இத்தனையையும் சமைத்தவர்கள், பரிமாறியவர்கள் யார்? பெரும்பாலும் கறுப்பின மக்கள். மேற்பார்வையாளர் மட்டும் அநேகமாக வெள்ளையர். ஜமைக்காவில் பிறந்த கவிஞர் கிளாட் மெக்கே கூட பென்சில்வேனியா ரயில்வேயில் உணவுப் பெட்டிப் பணியாளராக இருந்தவர்தான். 1919இல் தாம் எழுதிய கவிதை ஒன்றை முதன்முதலில் தம்முடன் வேலை செய்த தோழர்களுக்கே படித்துக் காட்டினார். கறுப்பினத்தவரின் கை சமைக்கலாம், பரிமாறலாம். அதே இனத்தவர் பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு உண்ண வந்தால்? தென் மாநிலங்களில் அங்கேதான் திரைச்சீலை வந்தது.

1942ஆம் ஆண்டு மே 17ஆம் நாள். எல்மர் ஹெண்டர்சன் என்ற கறுப்பினத்தவர் அரசாங்க வேலையாக வாஷிங்டன் நகரிலிருந்து சதர்ன் ரயில்வே வண்டியில் புறப்பட்டார். கையில் முதல் வகுப்புச் சீட்டு. பிற்பகல் 2 மணிக்கு வண்டி கிளம்பியது. 5.30 மணி அளவில் முதல் அழைப்பு வந்ததும் உடனே உணவுப் பெட்டிக்குச் சென்றார். அந்நாளைய வழக்கப்படி சமையலறையை ஒட்டிய இரண்டு மேசைகள் மட்டும் கறுப்பினத்தவருக்கு. அவர்கள் அமர்ந்தால் இடையே திரையை இழுத்துவிடுவார்கள். ஆனால் வெள்ளையருக்கு இடம் போதாவிட்டால் அந்த மேசைகளையும் அவர்களுக்குக் கொடுத்துவிடலாம்! ஹெண்டர்சன் போனபோது அங்கே வெள்ளையர் சிலர் அமர்ந்திருந்தனர்; ஒரு நாற்காலியாவது காலியாக இருந்தது. இருந்தும் அவரை உட்காரவிடவில்லை. "உம்முடைய இருக்கைக்கே உணவைக் கொண்டுவருகிறோம்" என்றார் மேற்பார்வையாளர். ஹெண்டர்சன் அதற்கு இசையவில்லை. இடம் கிடைத்ததும் சொல்லி அனுப்புவதாகக் கூறினார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. இரண்டு முறை மீண்டும் போய்ப் பார்த்தார். இரவு 9 மணிக்கு உணவுப் பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். அவர் சாப்பிடவேயில்லை.

அவர் வழக்குத் தொடுத்தார். பின்னர் கம்பெனி தன் விதியை மாற்றியது. எப்படித் தெரியுமா? வெள்ளையருக்கு 10 மேசைகள், கறுப்பினத்தவருக்கு 1 மேசை, நடுவே திரை. 44 நாற்காலிகளில் 4! அந்த நால்வரும் எழுந்திருக்கும்வரை ஐந்தாமவர் காத்து நிற்க வேண்டும், மற்ற மேசைகளில் எத்தனை இடம் காலியாக இருந்தாலும். இதைச் சமத்துவம் என்றே வாதாடினார்கள். வெள்ளையருக்கும் அந்த ஒரு மேசை மறுக்கப்படுகிறதே, இருபாலார்க்கும் ஒரே நீதிதானே என்றார்களாம்! கேட்டால் கணக்கு டீச்சர்கூடச் சிரித்துவிடுவார்.

எட்டு ஆண்டுகள் வழக்கு நடந்தது. 1950 ஜூன் 5 அன்று உச்ச நீதிமன்றம் ஹெண்டர்சன் பக்கம் தீர்ப்புக் கூறியது. ஒரே மாதிரிச் சீட்டு வாங்கியவர்கள் உணவுப் பெட்டியை ஒரே மாதிரி பயன்படுத்த உரிமை உள்ளவர்கள் என்றும், திரையும் தடுப்பும் பயணிகளிடையே செயற்கையான வேற்றுமையையே காட்டுகின்றன என்றும் நீதிபதி பர்ட்டன் எழுதினார். மாறுபட்ட தீர்ப்பு எவரும் எழுதவில்லை. பள்ளிகளில் கறுப்பு, வெள்ளைக் குழந்தைகளைப் பிரித்து வைக்கக் கூடாது என்ற புகழ்பெற்ற தீர்ப்பு 1954இல்தான் வந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே சாப்பாட்டு மேசையில் நீதி கிடைத்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு அமெரிக்கர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆங்கிலேயர் காலத்தில் நம் தென்னிந்திய ரயில் நிலையங்களின் உணவகங்களிலும் பிராமணருக்குத் தனியிடம், மற்றவருக்குத் தனியிடம் என்று இருந்தது. பெரியார் முதலியோர் எதிர்த்த பின்னரே 1941இல் அது ஒழிந்தது. இங்கே திரை இல்லை, சுவரே இருந்தது.

பின்னர் விமானமும் மோட்டார்ச் சாலையும் பெருகி, அமெரிக்க ரயில்களில் கூட்டம் குறைந்தது. 1971 மே முதல் நாள் ஆம்ட்ராக் என்ற அமைப்பு பயணிகள் வண்டிகளில் பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொண்டது. ஹெண்டர்சன் பட்டினியாகப் போன வாஷிங்டன், அட்லாண்டா, பர்மிங்ஹாம் பாதையில் ஓடும் 'கிரெசென்ட்' வண்டியிலும், கிழக்குப் பகுதியின் வேறு சில இரவு வண்டிகளிலும், செலவைக் குறைக்க 2019இல் சமையலை நிறுத்தி, முன்னரே தயாரித்த உணவைச் சூடாக்கித் தரத் தொடங்கினார்கள். மேற்கே செல்லும் நெடுந்தூர வண்டிகளில், கொரோனாக் காலத்தில் நின்றிருந்த சமையல் 2021இல் மீண்டும் தொடங்கியது. நால்வர் மேசையில், தனியே வருகிறவரை முன்பின் அறியாத மற்றவர்களோடு சேர்த்து உட்காரவைப்பது ஆம்ட்ராக் உணவுப் பெட்டிகளின் நெடுநாள் வழக்கம். அது பிடிக்காத பயணிகளும் உண்டாம். எனக்கு அந்த மேசையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க ஆசை.